மாவுச்சத்தைக் குறைத்த பின் வயிறு ஏன் முரண்டு பிடிக்கிறது?

குறைந்த மாவுச்சத்து உணவுக்கு மாறியவர்களிடம் எடையைப் பற்றியோ இரத்தச் சர்க்கரையைப் பற்றியோ கேட்டால் உற்சாகமாகப் பேசுவார்கள். வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டால் பேச்சு சட்டென்று சுருங்கிவிடும். நான்கு நாட்களுக்கு ஒருமுறை மலம், சாப்பிட்டதும் தொண்டை வரை ஏறும் எரிச்சல், மாலையானால் கல் போல் இறுகும் வயிறு, நினைத்த நேரத்தில் கழிவறைக்கு ஓட்டம் என்று ஏதோ ஒன்றைச் சகித்துக்கொண்டுதான் பலர் இந்த உணவுமுறையைத் தொடர்கிறார்கள்.

அவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் இரண்டு வகைதான். இந்த உணவுமுறையை ஆதரிப்பவர்கள் "உடம்பு பழகிக்கொள்ளும், பொறுத்திருங்கள்" என்பார்கள். எதிர்ப்பவர்கள் "முதலில் அதை விட்டுத் தொலையுங்கள்" என்பார்கள். முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குப் பொறுமை நியாயமான மருந்துதான். ஒரு மாதத்துக்கு மேலும் தொல்லை அப்படியே இருந்தால், பழகவில்லை என்பது ஒரு விளக்கமே அல்ல. காரணத்தைத் தேடாமல் இருப்பதற்கான சாக்கு. உணவுமுறையையே கைவிடச் சொல்வதும் அதே வகைதான். கைவிட்டவருக்கு வயிறு சரியானால்கூட, தன் வயிற்றுக்கு ஒவ்வாதது எது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

உணவுமுறையின் பெயர் ஒன்று. அதற்குள் நடக்கும் மாற்றங்கள் பல. மாவுச்சத்து குறைகிறது. அதோடு சேர்ந்து நார்ச்சத்தும் போகிறது. கொழுப்பு கூடுகிறது. உடலிலிருந்து நீரும் உப்பும் வெளியேறுகின்றன. இதுவரை தட்டில் இல்லாத பொருள்கள், மாற்று இனிப்புகள், மாத்திரைகள் வந்து சேர்கின்றன. வயிற்றைக் கெடுப்பது இவற்றில் எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். மாவுச்சத்துக் குறைவே குற்றவாளியாக இருப்பது அபூர்வம்.

நீரிலிருந்து தொடங்கலாம். உடல் கல்லீரலிலும் தசைகளிலும் சுமார் 400 முதல் 500 கிராம் வரை கிளைக்கோஜனை, அதாவது சர்க்கரையின் சேமிப்பு வடிவத்தை, வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ 3 கிராம் நீர் ஒட்டிக்கொண்டிருக்கும். மாவுச்சத்து வரத்து நின்றதும் இந்தச் சேமிப்பு கரைந்து, நீரும் வெளியேறுகிறது. முதல் வாரத்தில் எடைக் கருவி தரும் மகிழ்ச்சியில் பெரும்பங்கு இந்த நீர்தான். இன்சுலின் அளவு தாழும்போது சிறுநீரகங்கள் சோடியத்தையும் முன்பைவிட அதிகமாக வெளியே விடுகின்றன. உடலில் நீர் குறைந்தால் பெருங்குடல் தன் பங்குக்கு மலத்திலிருந்து கூடுதலாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். மலம் காய்ந்து இறுகும். ஆரம்ப வார மலச்சிக்கலின் கதை பெரும்பாலும் இதுதான். போதிய நீரும், இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ இல்லாதவர்களுக்குச் சற்றுக் கூடுதலான உப்பும் இதைத் தணித்துவிடும். அந்த நோய்கள் உள்ளவர்கள் உப்பைக் கூட்டுவதை மருத்துவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

ஆனால் அது உண்மையிலேயே மலச்சிக்கல்தானா என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை முதல் வாரத்துக்கு மூன்று முறை வரை எல்லாமே இயல்பின் எல்லைக்குள் வருபவை. சக்கை குறைந்த உணவைச் சாப்பிடுபவருக்கு மலமும் குறைவாகத்தான் வரும். எண்ணிக்கையைவிடத் தன்மை முக்கியம். பிரிட்டனில் உருவாகி 1997இல் வெளியான பிரிஸ்டல் மல அளவுகோல் மலத்தை ஏழு வகையாகப் பிரிக்கிறது: தனித்தனி உருண்டைகளாக வரும் முதல் வகையும் கட்டிகள் ஒட்டிய இரண்டாம் வகையும் மலச்சிக்கலின் அடையாளங்கள், மூன்றும் நான்கும் இயல்பானவை, ஆறும் ஏழும் வயிற்றுப்போக்கு. இரண்டு நாட்களுக்கு ஒருமுறை நான்காம் வகை மலம் சிரமமின்றி வருபவர் மலமிளக்கி தேடி அலைய வேண்டியதில்லை.

தொல்லை மாதக்கணக்கில் நீடிக்கும்போது நான் முதலில் சந்தேகப்படுவது நார்ச்சத்தைத்தான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தைப் பரிந்துரைக்கிறது. தானியம், பருப்பு, கிழங்கு, பழம் ஆகியவை ஒரே நாளில் தட்டிலிருந்து விடைபெறும்போது இந்தக் கணக்கு பத்துக்கும் கீழே சரிவது மிக எளிது. மனிதக் குடல் செரிக்காத இந்த நாரைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் நொதிக்கச்செய்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் முதன்மை எரிபொருள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் உடற்பருமன் உள்ளவர்களைக் கொண்டு நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், மாவுச்சத்தை நாளுக்குச் சுமார் 24 கிராமாகக் குறைத்தபோது மலத்தில் பியூட்டிரேட்டும் அதை உற்பத்தி செய்யும் பாக்டீரியாக்களும் வெகுவாகக் குறைந்தன. இறைச்சி, முட்டை, பாலாடைக்கட்டி மட்டுமே உண்பவரின் குடல் நுண்ணுயிரிகள் ஓரிரு நாட்களிலேயே மாறத் தொடங்கி, பித்தநீரைத் தாங்கும் இனங்கள் பெருகுவதை 2014இல் வெளியான இன்னொரு ஆய்வு காட்டியது. குடலின் குடிமக்கள் இத்தனை வேகமாக மாறும்போது வயிறு முனகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதை ஏற்காதவர்கள் கையில் எப்போதும் ஓர் ஆய்வு இருக்கும். 2012இல் வெளியான அது, காரணம் தெரியாத மலச்சிக்கல் கொண்ட 63 பேரைப் பற்றியது. நார்ச்சத்தை அடியோடு நிறுத்தியவர்களுக்கு மலம் சுலபமாக வந்தது. வயிற்று உப்புசமும் போனது. இதை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. குடல் மந்தமாக நகரும் சிலருக்கு நார் மேலும் அடைப்பைக் கூட்டுவது மருத்துவர்கள் அறிந்ததே. ஆனால் அது சிறிய ஆய்வு. பங்கேற்றவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிடவுமில்லை. அதை வைத்துக்கொண்டு எல்லாருக்கும் நார்ச்சத்து நஞ்சு என்று முழங்குவது, ஒரு வாதத்தில் வெல்வதற்குப் பயன்படலாம், வயிற்றுக்குப் பயன்படாது.

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பயனுள்ளதாகப் படுவது ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நடந்து 2024இல் வெளியான ஆய்வு. குடல் எரிச்சல் நோய் (ஐ.பி.எஸ்.) உள்ள 294 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நொதிக்கும் சர்க்கரைகளைக் குறைக்கும் ஃபாட்மேப் வகை உணவு, இன்னொன்றுக்குக் குறைந்த மாவுச்சத்து உணவு, மூன்றாவதுக்கு அறிகுறிக்கேற்ற மருந்து. நான்கு வாரங்களில் முதல் குழுவில் 76 சதவீதம் பேருக்கும், இரண்டாவதில் 71 சதவீதம் பேருக்கும், மருந்துக் குழுவில் 58 சதவீதம் பேருக்கும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. ஆக, மாவுச்சத்தைக் குறைப்பது வயிற்றைக் கெடுக்கும் என்பது பொது விதியே அல்ல. வயிற்றுக் கோளாறு உள்ளவர்களுக்கே அது உதவியிருக்கிறது. ஆனால் பலர் கவனிக்காமல் தாண்டிச் செல்லும் ஒரு விவரம் அதில் இருக்கிறது. அங்கே தரப்பட்டது நார்ச்சத்து குறைந்துவிடாதபடி திட்டமிட்ட உணவு. வெறும் முட்டையும் இறைச்சியும் வெண்ணெயும் அல்ல.

மாவுச்சத்தைக் குறைத்துக்கொண்டே நாரைத் தக்கவைப்பது அப்படியொன்றும் கடினமும் இல்லை. 100 கிராம் அவகாடோவில் 6 கிராமுக்கு மேல் நார் இருக்கிறது. 28 கிராம் சியா விதையில் 10 கிராமை ஒட்டி. ஆளி விதையில் உள்ள மாவுச்சத்தில் பெரும்பங்கு நார்தான். கீரைகளும் பச்சைக் காய்களும் மீதியை நிரப்பும். இசப்கோல் உமி நீரைப் பிடித்து வழவழப்பாகும் தன்மையால் இறுகிய மலத்தை இளக்கும், நீர்த்த மலத்தைத் திரட்டும். இரண்டு பக்கமும் வேலை செய்வது இதன் சிறப்பு. ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய குவளை நீருடன் குடிக்க வேண்டும். நீரில்லாமல் விழுங்கினால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். மற்ற மருந்துகளின் உறிஞ்சுதலைத் தடுக்கும் என்பதால் அவற்றோடு சேர்த்து எடுக்கக் கூடாது. எந்த நாரானாலும் ஒரே வாரத்தில் 10 கிராமிலிருந்து 30க்குத் தாவினால் வாயுவும் உப்புசமும் நிச்சயம். அதைப் பார்த்து "நார் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம்.

அடுத்தது கொழுப்பு. இரைப்பையை மெதுவாகக் காலியாக்குவது கொழுப்பின் இயல்பு. சிறுகுடலின் தொடக்கத்தில் கொழுப்பு வந்து சேர்ந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, இரைப்பையின் வேகத்தைக் குறைக்கிறது, பித்தப்பையைச் சுருங்கவைத்துப் பித்தநீரை வெளியே தள்ளுகிறது, கணையத்தை முடுக்குகிறது. பசி நெடுநேரம் எட்டிப் பார்க்காததற்கு இதுதான் ஒரு காரணம். சாப்பிட்ட நான்கு மணி நேரம் கழித்தும் வயிறு நிறைந்து குமட்டுவதற்கும் இதேதான் காரணம். நன்மையும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருவதால், கொழுப்பின் அளவை ஒரே வேளையில் கொட்டாமல் நாள் முழுக்கப் பிரித்துக்கொண்டாலே பலருக்குக் குமட்டல் அடங்கிவிடுகிறது. மாவுச்சத்தைக் குறைத்தால் அந்த இடத்தைக் கட்டாயம் கொழுப்பால் நிரப்பியே தீர வேண்டும் என்பதுமில்லை. உடலில் சேர்ந்திருக்கும் கொழுப்பைக் குறைக்கத்தான் பலர் இதில் இறங்குகிறார்கள். கோப்பை கோப்பையாக எண்ணெய் குடித்துவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

நெஞ்செரிச்சல் விஷயத்தில் நிலைமை சற்று விசித்திரமானது. கொழுப்பு மிகுந்த உணவு உணவுக்குழாயின் கீழ்வாயிலைத் தளர்த்தி அமிலத்தை மேலே ஏறவிடும் என்பதே பாடப்புத்தகக் கருத்து. ஆனால் உடற்பருமனும் எதுக்களிப்பு நோயும் உள்ள எட்டுப் பேருக்கு நாளுக்கு 20 கிராமுக்கும் குறைவான மாவுச்சத்து உணவைக் கொடுத்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்வில், சில நாட்களிலேயே எரிச்சல் குறைந்தது. உணவுக்குழாயில் அளந்த அமிலமும் குறைந்தது. எட்டுப் பேரை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாதுதான். என்றாலும், இந்த உணவுமுறையில் எரிச்சல் குறைந்தவர்களும் கூடியவர்களும் இரு பக்கமும் உண்மையே சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கூடியவர்கள் இரவு உணவின் அளவையும் நேரத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

பித்தப்பையை அப்படி எளிதாக விட்டுவிட முடியாது. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறையும்போது பித்தக்கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. கொழுப்பே இல்லாத கடும் பட்டினி உணவுகளில் இந்த ஆபத்து அதிகம். பித்தப்பை சுருங்க வேலையில்லாமல் பித்தநீர் தேங்கிவிடுவதே காரணம். அந்த வகையில் கொழுப்பு பாதுகாப்புதான். ஆனால் ஏற்கனவே கல் இருப்பவருக்கு அதே சுருக்கம் கல்லைக் குழாயின் வாயில் தள்ளிவிடக்கூடும். கொழுப்பு நிறைந்த சாப்பாட்டுக்குப் பின் வலது மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கோ தோளுக்கோ பரவி, அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் வலி என்றால் அது வாயு அல்ல என்றே கருதி ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். காய்ச்சலோ மஞ்சள் காமாலையோ சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனை. பித்தப்பையை நீக்கியவர்களுக்கு வேறு பிரச்சினை: பித்தநீர் சேமிக்கப்படாமல் தொடர்ந்து குடலுக்குள் ஒழுகுகிறது, அதில் ஒரு பகுதி பெருங்குடலை எட்டி நீர்த்த மலத்தை உண்டாக்குகிறது. இதற்குப் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொள்ளும் மருந்துகள் உண்டு, நன்றாக வேலையும் செய்கின்றன. மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லாததால்தான் பலர் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுகிறார்கள்.

பிறகு, தட்டில் புதிதாக ஏறியவை. "சர்க்கரை இல்லாத" சாக்லேட்டிலும் பிஸ்கெட்டிலும் இருக்கும் மால்டிட்டால், சார்பிட்டால், சைலிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் சிறுகுடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. மீதி பெருங்குடலுக்குப் போய் நீரை இழுக்கும், நொதித்து வாயுவாகும். 10 சதவீதத்துக்கு மேல் இவை சேர்ந்த பொருள்களில், மிகையாக உண்டால் பேதியாகலாம் என்று அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். எரித்ரிட்டால் மட்டும் இதில் சாது. ஏறத்தாழ 90 சதவீதம் உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடும். புரதக் கட்டிகளில் நார்ச்சத்தைக் கூட்டிக் காட்டச் சேர்க்கும் இன்யூலின் வாயுவுக்குப் பேர்போனது. நடுத்தர நீளக் கொழுப்பு அமிலங்கள் கொண்ட எம்.சி.டி. எண்ணெயை எடுத்த எடுப்பில் இரண்டு மேசைக்கரண்டி குடித்தால் வயிற்றுப் பிடிப்பும் பேதியும் வருவது, வலிப்பு நோயுள்ள குழந்தைகளுக்கு 1970களில் அந்த எண்ணெயைக் கொண்டு கீட்டோ உணவு (மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டியது) கொடுத்த காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். தசைப்பிடிப்புக்காக விழுங்கும் மெக்னீசியம் மாத்திரையும் இதே வேலையைச் செய்யும். சிட்ரேட், ஆக்சைடு வகைகள் மலமிளக்கியாகவே விற்கப்படுபவை. மலச்சிக்கல் உள்ளவருக்கு இது இரட்டை லாபம். வயிற்றுப்போக்கு உள்ளவர் குடலில் கோளாறு என்று பரிசோதனை மேல் பரிசோதனையாகச் செய்துகொண்டே அந்த மாத்திரையையும் தினம் விழுங்கிக்கொண்டிருப்பார்.

காய்கறிகளும் நிரபராதிகள் அல்ல. அரிசிக்கும் மாவுக்கும் மாற்றாக மூன்று வேளையும் காலிஃபிளவர் சாப்பிடுபவருக்கு, அதிலுள்ள மானிட்டால் போதும் உப்புசத்துக்கு. காளான், வெங்காயம், பூண்டு, முந்திரி, பிஸ்தா எல்லாம் நொதிக்கும் சர்க்கரைகள் மிகுந்தவை. பாதாம் அளவோடு சாப்பிட்டால் சிக்கலில்லை; பாதாம் மாவில் செய்த ரொட்டி ஒன்றில் எத்தனை பாதாம் அரைபட்டிருக்கிறது என்று யாரும் எண்ணுவதில்லை. உலகில் வயதுவந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பால் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைவு என்பதால், கிரீமும் இளம் பாலாடைக்கட்டியும் கூடும்போது அவர்கள் வயிறு எதிர்ப்புத் தெரிவிக்கும். நெய்யிலும் நன்கு முதிர்ந்த பாலாடைக்கட்டியிலும் லாக்டோஸ் மிகச் சொற்பம்.

இத்தனை சந்தேக நபர்கள் இருக்கும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துவது பயனற்றது. குணமானாலும் எதனால் என்று தெரியாது. இரண்டு வாரங்கள் உணவு, மாத்திரை, அறிகுறி, நேரம் ஆகியவற்றை எழுதிப் பார்த்தால் நேரமே பாதி விடை சொல்லிவிடும். எண்ணெயோ மாத்திரையோ உள்ளே போன ஒன்றிரண்டு மணி நேரத்தில் பேதி, சாப்பிட்டதும் மேல்வயிற்றில் கனம், நாள் ஏற ஏறக் கூடி இரவில் உச்சம் தொடும் உப்புசம் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு திசையைக் காட்டும். மாற்று இனிப்புகளையும் தேவையற்ற மாத்திரைகளையும் முதலில் நிறுத்துவது நல்லது, அவற்றை இழப்பதால் எந்தச் சத்தும் குறையாது. அதன் பிறகு ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். செரிமான நொதி மாத்திரைகள், பித்தநீர் மாத்திரைகள், புரோபயாட்டிக் புட்டிகள் ஆகியவற்றில் பணத்தைக் கொட்டுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். குடல் எரிச்சல் நோய்க்குப் புரோபயாட்டிக்குகளை ஆய்வுகளுக்கு வெளியே பரிந்துரைக்கப் போதிய ஆதாரமில்லை என்றே அமெரிக்க இரைப்பைக் குடலியல் சங்கம் 2020இல் சொன்னது.

இனி, வீட்டில் இருந்தபடி கண்டுபிடிக்க முடியாதவை. காரணமின்றி எடை குறைவது குடல் நோய்களின் முக்கியமான எச்சரிக்கை. மாவுச்சத்தைக் குறைத்தவருக்கு எடை குறைந்தால் கைதட்டல்தான் கிடைக்கும். எச்சரிக்கை மணியின் சத்தம் அதில் அமுங்கிவிடும். எனவே மலத்தில் இரத்தம், கறுத்த மலம், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விழுங்கச் சிரமம், ஐம்பது வயதை ஒட்டிப் புதிதாகத் தொடங்கிய மலப் பழக்க மாற்றம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உணவுமுறையின் தலையில் பழியைப் போடாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து கடுமையாக நாறினால் கணைய நொதிகள் போதவில்லை என்ற ஐயம் எழ வேண்டும். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியை அளவிடும் எளிய சோதனை இருக்கிறது.

கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் சேதமடையும் சீலியாக் நோயின் கதை இன்னும் நுட்பமானது. மாவுச்சத்தைக் குறைத்ததும் கோதுமையும் போய்விடுவதால் சீலியாக் உள்ளவருக்கு வயிறு திடீரென நலமாகும். எப்போதாவது ஒரு துண்டு ரொட்டி தின்றால் மறுபடி கெடும். "மாவுச்சத்து எனக்கு ஆகாது" என்று அவர் நினைத்துக்கொள்வார். நோயின் பெயரை அறியாமலே வாழ்வார். சோதனை செய்யப் போனாலும், குளூட்டன் சாப்பிடாத உடலில் எதிர்ப்புரதங்கள் குறைந்து முடிவு தவறாக "இல்லை" என்று வரலாம். சோதனைக்கு முன் குறைந்தது ஆறு வாரங்கள் குளூட்டன் உள்ள உணவைத் தினமும் சாப்பிட்டிருக்க வேண்டும். நூற்றில் ஒருவருக்கு இருக்கும் நோய் என்பதால் இது அலட்சியப்படுத்தக்கூடிய சங்கதி அல்ல.

மருந்துகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீரிழிவுக்காக இந்த உணவுமுறைக்கு வருபவர்களில் பலர் மெட்ஃபார்மின் எடுப்பவர்கள்; அது பேதியையும் குமட்டலையும் தரக்கூடியது, மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். நீரிழிவுக்கும் எடைக் குறைப்புக்கும் போடும் செமாக்ளூடைட் போன்ற ஊசி மருந்துகள் இரைப்பையை மந்தமாக்கி மலச்சிக்கலைத் தரும். மேலே கொழுப்பும் அதையே செய்தால் இரண்டும் சேர்ந்து வயிற்றை நிறுத்தியே வைத்துவிடும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் எம்பாக்லிஃப்ளோசின், டாபாக்லிஃப்ளோசின் வகை மாத்திரைகளை எடுத்துக்கொண்டே மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைப்பது ஆபத்தானது. இரத்தச் சர்க்கரை இயல்பாகவோ சற்றே கூடியோ இருக்கும்போதே, கீட்டோன்கள் பெருகி இரத்தம் அமிலமாகும் கீட்டோ அமிலநிலை வரலாம். அதன் முதல் அறிகுறிகள் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி. சாதாரண அஜீரணம் என்று படுத்துவிட்டால் உயிருக்கே உலை வைக்கும். இவற்றை எடுப்பவர்கள் உணவை மாற்றும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் பார்த்த பின்னும் வயிறு அடங்கவில்லை என்றால், மாவுச்சத்தின் அளவைச் சற்று உயர்த்துவதில் மானக்கேடு எதுவும் இல்லை. நாளுக்கு 130 கிராமுக்குக் கீழே இருப்பதெல்லாம் பொதுவாகக் குறைந்த மாவுச்சத்து உணவு என்றே கணக்கிடப்படுகிறது. 20க்கும் 130க்கும் இடையே நடமாட நிறைய இடம் உண்டு. மலச்சிக்கலுக்கு நன்றாக உதவும் கிவிப் பழம் இரண்டில் சுமார் 20 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. 20 கிராமே எல்லை என்று கோடு கிழித்தவருக்கு அது முழு நாள் பங்கு. 60 கிராம் வரை இடம் கொடுத்தவருக்கு ஒரு காலைச் சிற்றுண்டியின் பகுதி. எடைக்காகவும் சர்க்கரைக்காகவும் இந்த உணவில் இருப்பவர்கள் இரண்டு வாரத்துக்கு 10, 15 கிராம் என்று கூட்டிப் பார்த்து, எடையும் சர்க்கரையும் எங்கே அசையத் தொடங்குகின்றன, வயிறு எங்கே அமைதியாகிறது என்று இரண்டையும் சேர்த்துக் கவனிக்கலாம். வலிப்பு நோய்க்காகக் கீட்டோ உணவில் வைக்கப்பட்டிருப்பவர்களுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அங்கே கொழுப்புக்கும் மாவுச்சத்து, புரதத்துக்கும் உள்ள விகிதமே மருந்து. அதைத் தளர்த்தினால் வலிப்பு திரும்பக்கூடும் என்பதால், அவர்களின் மலச்சிக்கலையும் வாந்தியையும் சிகிச்சைக் குழுதான் கையாள வேண்டும்.